ராசியான மெயில் ஐடி

அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் பதிவேடு பராமரிப்பு பற்றி ஒரு பாடம் நடந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நடந்திருக்கும். எங்கள் காலத்திலும் அப்படித்தான். அந்த நேரத்தில் விழித்திருந்தவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. மற்ற எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பாடத்தின் சாரம் இவ்வளவுதான். ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஆயுள் குறிக்க வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிலையானது. ஆயுள் முடிந்த கோப்பை அழிக்கலாம்; ஆனால் அழிக்க உத்தரவு வேண்டும். உத்தரவு போடுகிறவர் கோப்பைப் படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். அவர் படிக்க மாட்டார். ஆகவே பதிவறைகள் நிரம்புகின்றன. உத்தரவு இல்லாமல் அழிக்கும் அதிகாரம் கரையானுக்கு மட்டும்தான் உண்டு.

பணிக்காலம் முழுக்க நான் இந்த விதிகளை அடுத்தவர் காகிதங்களுக்குத்தான் பயன்படுத்தினேன். என் சொந்த மெயில் பெட்டிக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டிய நிலை ஓய்வு பெற்ற பிறகு வந்தது. ஒரு பிற்பகல் முழுதும் அந்த விதிகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சாணார்பட்டிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் இப்போது அங்கே இருப்பவர்கள் விளக்கம் கேட்டு எழுதுவார்கள். அதையும் என் மெயிலுக்குத்தான் அனுப்புவார்கள்.

எங்களுக்குக் கணினி வந்தபோது கூடவே ஓர் அலுவல் மெயில் முகவரியும் வந்தது. அதன் கடவுச்சொல் அப்போதிருந்த அதிகாரிக்கு மட்டும் தெரியும். அவர் மாறுதலில் போனபோது பீரோ சாவிகளை ஒப்படைத்தார், ஜீப்பை ஒப்படைத்தார். கடவுச்சொல்லை ஒப்படைக்க எந்தப் படிவமும் இல்லாததால் அது அவரோடு போய்விட்டது. ஃபோன் போட்டுக் கேட்டோம். "என் வீட்டுக்காரம்மா பொறந்தநாள்தான்யா" என்று ஒரு தேதியைச் சொன்னார். போட்டோம், திறக்கவில்லை. கடவுச்சொல்லாக இருந்தது யாருடைய பிறந்தநாளோ, அதை விசாரிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை.

அன்று மாலைக்குள் மாவட்டத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டியிருந்தது. என் சொந்த முகவரியைக் கொடுத்தேன். தற்காலிகமாகத்தான் கொடுத்தேன். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசு அலுவலகத்தில் என்ன பொருள் என்பது சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஓய்வு பெறும் வரை அந்த அலுவலகத்தின் முகவரி என் முகவரிதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அலுவலகத்துக்கு எதிரே முருகேசன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். இன்றும் வைத்திருக்கிறான். எல்லா விண்ணப்பமும் ஆன்லைனுக்குப் போன புதிதில், மெயில் முகவரி என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. தக்காளி போடுகிறவரும் பூ பறிக்கிறவரும் மெயில் முகவரிக்கு எங்கே போவார்கள்? ஒருமுறை ஒரு பெண்ணுக்காக, "சரிப்பா, என்னோடதையே போடு" என்று சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. அது அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் கிடைத்த வேலை. ஆனால் ஊருக்குள் போன செய்தி வேறு.

சில மாதம் கழித்து என் பெட்டியில் முன்பின் தெரியாத பெயர்களுக்கெல்லாம் மெயில் வரத் தொடங்கியது. முருகேசனைப் பிடித்தேன்.

"ஏன்டா, யாரைக் கேட்டு என் ஐடியைப் போடுற?"

"நான் எங்க சார் கேட்டேன்? வாரவுகதான் கேக்குறாக. 'சார் ஐடி போட்டியா அப்பு, அது ராசியான ஐடியாம்ல'ன்னு."

"நாளைக்கே என் ராசி போயிருச்சுன்னா?"

"அப்பப் பாத்துக்கலாம் சார். இப்பக் கடையில ஆளு நிக்குது, வாரேன்."

ஒரே இணையதளத்தில் ஒரு முகவரியை இரண்டு பேருக்குப் பதிய முடியாது. அதையாவது நம்பியிருந்தேன். முகவரியின் எழுத்துகளுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தால் இணையதளம் அதை வேறு ஆள் என்று நினைத்துக்கொள்ளும், மெயில் என்னவோ என் பெட்டிக்கே வந்து சேரும் என்பதை முருகேசன் கண்டுபிடித்துவிட்டான். அதன் பிறகு அவன் வைத்த புள்ளிகளை மார்கழி மாதத்து வாசலில்கூடப் பார்க்க முடியாது.

முத்துலட்சுமிக்கு மாப்பிள்ளை என் பெட்டிக்கு வந்தார். வேல்முருகனுக்கு நேர்முகத் தேர்வு என் பெட்டிக்கு வந்தது. ஒருநாள் காலையில் என் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பொருத்தமான வரன் ஏழு வந்துருக்காமே?"

"எனக்கில்ல. கோபால்பட்டிப் பொண்ணுக்கு."

"அதான் பாத்தேன், ஏழும் ஆம்பளையா இருக்கேன்னு."

வந்ததையெல்லாம் தினமும் மாலையில் ஃபோனில் முருகேசனுக்குச் சொல்லிவிடுவேன். அவன் உரியவருக்குச் சொல்லிவிடுவான். எந்த விதியிலும் இல்லாத ஏற்பாடு. விதியில் இருந்த பல ஏற்பாடுகளைவிட ஒழுங்காக நடந்தது.

இங்கே ஒரு அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம்; அவருக்குப் பிடிக்காது. எங்களுக்குத் தலைமையாக வந்தவர்களிலேயே மிகக் குறைவாகப் பேசியவர். ஒரு தேர்தல் சமயம். மேலிருந்து வருகிற மெயில் எல்லாவற்றிலும் அவசரம், மிக அவசரம், உடனடி என்று சிவப்பில் போட்டிருக்கும். காலையில் போய் உட்கார்ந்தால் பெட்டி முழுவதும் சிவப்பு. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அவரிடம் போனேன்.

"அவசரம்னு போட்டதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார். "அவசரம்னு போடத் தெரியாதவங்க அனுப்புனதை முதல்ல எடுங்க."

எனக்குக் கோபம். மேலிடத்துக்குப் பதில் சொல்லப் போவது இவரா, நானா? இருந்தாலும் எடுத்தேன். மூன்றாவதோ நான்காவதோ, ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை அனுப்பியது. தலைப்பே இல்லை. "வணக்கம். வாக்குச்சாவடிக்குக் கொடுத்த வகுப்பறையில் கிழக்குச் சுவர் சற்று வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. தகவலுக்காக" என்று இரண்டே வரி. அதிகாரி உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னார். போய்ப் பார்த்தோம். அந்த வகுப்பறையில் அப்போது பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை மரத்தடிக்கு மாற்றினோம், சாவடியை வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். அடுத்து வந்த மழையில் அந்தச் சுவர் விழுந்தது. அதன் கீழே யாரும் இல்லை.

மேலிடத்துக்குப் போக வேண்டிய பதில்கள் ஒருநாள் தாமதமாகப் போயின. யாரும் கவனிக்கவில்லை. "மிக அவசரம்" என்று எழுதுகிறவருக்குத் தன் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். சாய்கிற சுவருக்குப் பக்கத்தில் இருப்பவர் "தகவலுக்காக" என்றுதான் எழுதுவார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூட நீங்கள் ஓரளவு உருப்படுவீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்று திண்டுக்கல்லில் வீட்டோடு இருக்கிறேன். அந்தப் பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. எச்சரிக்கை வரும், பார்ப்பேன், எச்சரிக்கையைக் குறிப்பெடுத்துக்கொண்டு மூடிவிடுவேன். அது எங்கள் பழக்கம். கடைசியில் ஒருநாள், இடம் தீர்ந்துவிட்டது, இனி எந்த மெயிலும் வராது என்று சிவப்பில் வந்துவிட்டது. சென்னையில் இருக்கும் மகளிடம் ஃபோனில் சொன்னேன்.

"அப்பா, செலக்ட் ஆல், டெலிட். முடிஞ்சுச்சு. புதுசா ஒரு ஐடி ஆரம்பிங்க."

"படிக்காம அழிக்கிறதா?"

"அதுல இருக்கிறது பாதி வேற யாரோடதோ. உங்களுக்கு எதுக்குப்பா?"

"அதனாலதான் படிக்கணும்ங்கிறேன்."

"ரிட்டயர் ஆயிட்டீங்கப்பா. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பிறகு உட்கார்ந்தேன். வங்கி விளம்பரம், கடன் வேண்டுமா, காலணி தள்ளுபடி, எல்லாமே அவசரம், இன்றே கடைசி என்று கத்திக்கொண்டிருந்தன. அந்த அதிகாரி சொன்னபடி கத்துவதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கத்தாமல் வந்ததைத் திறந்தேன். பெட்டி நிரம்புவதற்குச் சற்று முன்னால் வந்த ஒன்று. ஆங்கிலத்தில், "விண்ணப்ப நிலை மாற்றம்" என்று ஒரு சாதுவான தலைப்பு. உள்ளே: ஹஜ் பயணத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் இருந்த முகமது இப்ராகிமுக்கும் அவர் மனைவி ஆமினாவுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இணையதளத்தில் நுழைந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கடைசி நேரம், அன்று மாலை ஐந்து மணி.

இப்ராகிம் பாயை எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கல்லாவில் பாய், அடுப்படியில் ஆமினாம்மா. நான் சைவம். பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்திலேயே எனக்கென்று ஒரு சின்னச் சட்டியில் காய்கறி வெஞ்சனம் தனியாக இருக்கும். "சார் கரண்டிய யாரும் தொடாதீக" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். வயதாகிவிட்டது என்று கடையை விட்டுவிட்டு பேகம்பூரில் வீட்டோடு இருந்தார்கள். அவர்களும் என் ஐடியைப் போட்டிருக்கிறார்கள் என்பது அன்று காலைதான் எனக்குத் தெரிந்தது.

பாயின் நம்பருக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை. முருகேசனுக்கு அடித்தேன்.

"அவரு ஃபோனை டவுன் பஸ்ஸுல விட்டுட்டாரு சார். இப்பப் புது நம்பரு."

"அப்ப அந்த இணையதளத்துல பழைய நம்பர்தானே இருக்கும்?"

"ஆமா சார்."

"உள்ள நுழையணும்னா ஓடிபி எங்க வரும்?"

"உங்க மெயிலுக்குத்தான் சார் வரும்."

"என் பெட்டி நிரம்பிப் போச்சு. இனிமே ஒண்ணும் வராது."

"ஐயையோ" என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இருங்க சார், அவுகளைக் கூட்டியாறேன்."

கடையைச் சாத்தி, பஸ் பிடித்து, பேகம்பூருக்குப் போய் அவர்களைக் கூட்டிவர அவனுக்கு நேரமாகிவிட்டது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாய் இறங்கி நின்றார். ஆமினாம்மா இறங்குவதற்குத்தான் நேரமானது. ஒரு கையால் ஆட்டோக் கம்பியையும் மறு கையால் முருகேசன் தோளையும் பிடித்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி வந்தார். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முட்டி தம்பி" என்றார் ஆமினாம்மா என்னைப் பார்த்து. "டாக்டரு, இப்பப் போனாப் போகலாம், தள்ளிப்போட்டா நடக்கவே ஏலாதுன்னுட்டாரு. இந்த வருசம் விட்டா நான் வேணாப் போவேன், என் முட்டி வராது."

பாய் சிரிக்கவில்லை. "கடைய வித்ததே இதுக்குத்தான் சார். ரெண்டு தடவை குலுக்கல்ல வரல. இந்தத் தடவையும் பேரு வரலன்னு நெனச்சு நாங்க விட்டுட்டோம். உங்களுக்கு மெயிலு வந்துச்சுன்னு முருகேசன் வந்து சொல்லவும் இவ அழுதுட்டா."

"நான் எங்க அழுதேன்? வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன்."

முருகேசன் தன் மடிக்கணினியில் அந்த இணையதளத்தைத் திறந்தான். என் கணினியில் என் பெட்டி. நான் தடுப்பதற்குள் ஓடிபி கேட்கும் பட்டனை அமுக்கிவிட்டான். வரவில்லை. மறுபடி அமுக்கினான். வரவில்லை. மூன்றாம் முறை கை போனபோது அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். திரையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. மூன்று முறைக்கு மேல் கேட்டால் மறுநாள்தான் கேட்க முடியும்.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு. நான் சொல்ற வரைக்கும் தொடாத."

"மணி ஆகுது சார்."

"ஆகட்டும். மொதல்ல இடம் பண்ணணும்."

தம்பிகளே, தங்கைகளே, இதுதான் நான் சொல்ல வந்த இடம். நெருக்கடியில் கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் யோசிப்பது அசட்டையாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் உங்களைத் திட்டவும் கூடும். திட்டட்டும்.

விளம்பரங்களை அழித்தேன். பக்கம் பக்கமாக அழித்தும் இடம் கடுகளவுகூடக் கிடைக்கவில்லை. அழித்ததெல்லாம் குப்பைத் தொட்டியில்தான் போய் உட்காருகிறது, அதைக் காலி செய்தால்தான் இடம் வரும் என்றான் முருகேசன். தொட்டியைத் திறந்தேன். பக்கம் பக்கமாக அழித்த வேகத்தில் ஊரார் மெயில்களும் விளம்பரத்தோடு சேர்ந்து அதில் போய்க் கிடந்தன. யாருக்கோ வந்த தேர்வு முடிவு, யாருக்கோ வந்த பாஸ்போர்ட் விவரம்.

"மொத்தமாத் தூக்கிருங்க சார்" என்றான் முருகேசன். "அம்புட்டும் பழசு. இப்ப யாரு கேக்கப் போறா?"

மகளும் அதைத்தான் சொல்லியிருந்தாள். பாயின் கண் கடிகாரத்துக்கும் என் கைக்குமாக அலைந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டனை அமுக்கினால் தீர்ந்தது. அமுக்க எனக்கு மனமில்லை என்பதைவிட, அமுக்கலாமா என்பதற்கு விதி என்ன சொல்கிறது என்று மனம் தானாகத் தேடியது. இவ்வளவு காலப் பழக்கம், வேறென்ன செய்யும்?

விதி ஒன்று இருந்தது. பயிற்சி வகுப்பில் நீங்கள் தூங்கியபோது சொல்லியிருப்பார்கள். மூலத்தை அழிக்க உத்தரவு வேண்டும். நகலை அழிக்க உத்தரவு தேவையில்லை.

எது பழசு, எது உபயோகமில்லாதது என்று அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். எது வேறு எங்கேயாவது இருக்கிறது என்று கேட்டேன். "முருகேசா, அளவு பாத்துப் பெருசுலருந்து சிறுசா அடுக்க முடியுமா?"

அடுக்கினான். பட்டியல் வந்ததும் எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தோம். முருகேசன்தான் முதலில் கவனித்தான்.

"சார், எல்லாம் நீங்களே உங்களுக்கு அனுப்புனதா இருக்கு?"

உண்மைதான். அரசாணைகளை ஸ்கேன் செய்து பத்திரத்துக்காக எனக்கு நானே அனுப்பி வைத்தவை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகத்தில் மறுபடி அனுப்பியவை. ஒரே சுற்றறிக்கை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று. அடுத்து மகளின் கல்யாணப் படங்கள், ஆல்பத்தில் இருப்பவை, அவளிடமும் இருப்பவை. எல்லாவற்றுக்கும் மேலே, என் ஓய்வு விழாவின் வீடியோ, பகுதி பகுதியாக. ஊர் அந்தப் பெட்டியில் ஒண்டுக்குடித்தனம்தான் இருந்தது. ஊரார் மெயில்கள் வெறும் எழுத்து. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மூலைக்கு வராது. ஆனால் வேறு எங்கேயும் இல்லாதவை அவை மட்டும்தான். வீடு முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது நான், அதுவும் நகலாக.

அரசாணைகளைத் தேர்ந்தெடுத்தேன். கல்யாணப் படங்களைத் தேர்ந்தெடுத்தேன். விழா வீடியோவில் கை வைத்ததும் ஆமினாம்மா எட்டிப் பார்த்தார். நான் மாலையோடு உட்கார்ந்திருந்த படம் சின்னதாகத் தெரிந்தது.

"அதை வேணாம் தம்பி. உங்களைப் பத்தி நாலு பேரு நல்லதாச் சொன்னது. எங்களுக்காக அதைப் போய் அழிக்காதீக."

"நல்லதாச் சொன்னவுகள்ல பாதிப் பேருக்கு என் இனிஷியலே தெரியாதும்மா."

"மீதிப் பாதி?"

"படம் எடுத்த ஸ்டுடியோக்காரர்கிட்ட இருக்கும்" என்றேன்.

"இருக்குமா, இருக்கா?"

கண்காணிப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்டுடியோவுக்கு ஃபோன் போட்டேன். "இருக்கு சார், எப்ப வேணாலும் வாங்கிக்கங்க" என்றார்கள். சரி என்று அதையும் சேர்த்தேன். குப்பைத் தொட்டிக்குப் போய், பெரியவற்றை மட்டும் பொறுக்கி, நிரந்தரமாக அழி என்று கொடுத்தேன். உறுதியாகத்தானா என்று கணினி கேட்டது. இத்தனை ஆண்டில் ஓர் அழிப்பு உத்தரவை நானே போட்டு நானே நிறைவேற்றியது அன்றுதான். ஊரார் மெயில்கள் அப்படியே இருந்தன.

"இப்ப அமுக்கவா சார்?" முருகேசனின் விரல் பட்டனுக்கு மேலே தயாராக இருந்தது.

"இரு."

"இடம்தான் வந்துருச்சே!"

"இடம் வந்துச்சு. மெயில் வருதான்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணுதானே பாக்கி இருக்கு."

மகளுக்கு ஃபோன் போட்டேன். "எனக்கு ஒரு மெயில் அனுப்பு, உடனே. என்ன எழுதுனாலும் சரி."

"நான் மீட்டிங்ல இருக்கேன்ப்பா."

"ரெண்டு பேரு ஹஜ்ஜுக்குப் போறது உன் மெயில்ல இருக்கும்மா."

அவள் என்ன நினைத்தாளோ, மறுபேச்சு பேசாமல் வைத்துவிட்டாள். நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெட்டி அசையவே இல்லை. பாய் உதடு அசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தார். என் மனைவி கொண்டுவந்த டீயை யாரும் தொடவில்லை. "செத்த நேரம் பொறுங்க, வந்துரும்" என்று ஆமினாம்மாதான் எங்களுக்குத் தைரியம் சொன்னார். மணி நான்கைத் தாண்டியிருந்தது. அமுக்கியிருக்கலாமோ என்று எனக்கே ஒரு கட்டத்தில் தோன்றியது. முருகேசன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்த்திருந்தால் மரியாதைக் குறைவாக ஏதாவது சொல்லியிருப்பான்.

அப்புறம் வந்தது. மகளின் மெயில். "இதுக்குத்தான் செலக்ட் ஆல் பண்ணச் சொன்னேன்."

"அமுக்கு" என்றேன்.

அமுக்கினான். ஆறிப்போன டீயை என் மனைவி எடுத்துக்கொண்டு போவதற்குள் ஓடிபி வந்தது. நான் எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன், அவன் தட்டினான், நான் மறுபடி வாசித்தேன், அவன் சரிபார்த்தான். அலுவலகத்தில் ஏல அறிவிப்பு ஒப்பிடுவதுபோல. பக்கம் திறந்தது. இரண்டு பெயர்கள், அவற்றுக்கு எதிரே சம்மதம் என்று ஒரு பட்டன்.

"பாய், நீங்க அமுக்குங்க" என்றேன்.

அவர் மடிக்கணினியை ஆமினாம்மா பக்கம் நகர்த்தினார். "நீயே அமுக்கு" என்றார் மனைவியிடம். ஆமினாம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. முருகேசன் படித்துச் சொன்னான். பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இப்பவாச்சும் ஒத்துக்கறீகளா சார்?" என்றான் முருகேசன். "ராசியான ஐடிதான்."

"ராசி கெடக்கட்டும். இந்தம்மாவுக்கு இன்னைக்கே ஒரு சொந்த ஐடி பண்ணிக் கொடு. இனிமே இவுக விஷயம் எதுவும் என் பெட்டிய நம்பி இருக்கக் கூடாது. இது உத்தரவு."

"ரிட்டயர் ஆன உத்தரவா?" என்றாள் என் மனைவி.

அன்றைக்கே முருகேசன் செய்து கொடுத்துவிட்டான். ஆமினாம்மாவுக்குத் தனியாக ஓர் ஐடி, நடுவில் புள்ளியே இல்லாமல். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் என் பெட்டிக்கு ஒரு மெயில் வந்தது. இந்தப் புதிய கணக்குக்கு உங்கள் முகவரி மீட்பு முகவரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் மறந்துபோனால் உங்களுக்குத்தான் வரும்.

முருகேசனுக்கு ஃபோன் போட்டேன். "ஏன்டா, என்ன சொல்லி அனுப்புனேன் உங்கிட்ட?"

"நான் என்ன சார் பண்ண? வேற ஐடி இருந்தாக் கொடுங்கன்னு அது கேக்குது. அந்தம்மா, 'ராசியானத விட்டுறாத அப்பு, அதையும் ஓரமாப் போட்டு வையி'ன்னுருச்சு."

இது உங்கள் கணக்கு இல்லையென்றால் இங்கே சொடுக்கவும் என்று அந்த மெயிலின் கீழே இருந்தது. சொடுக்கவில்லை.

பிறகு பெட்டியை முறைப்படி அடுக்கி முடித்தேன். விளம்பரங்களுக்கு ஓராண்டுகூடக் கொடுக்கவில்லை. வருகிற இடத்திலேயே நிறுத்திவிட்டேன். வங்கி, காப்பீடு எல்லாம் மூன்றாண்டு. ஓய்வூதியக் காகிதங்கள் பத்தாண்டு. நான் அதற்குமேல் இருந்தால் நீட்டித்துக்கொள்ளலாம். ஊராருடையதை அவரவர் பெயரில் தனித்தனியாக வைத்து, முருகேசன் மூலம் ஆளுக்கொரு ஐடி தொடங்கச் சொல்லி, ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் மீட்பு முகவரியாக யாருடையதைக் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலையானது என்ற வகையில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. அதில் வைக்கும் அளவுக்கு என்னிடம் மூலம் எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு மெயில் வந்தது. தலைப்பு இல்லை, அவசரம் என்றும் இல்லை. அனுப்பியவர் ஆமினா. கூட ஒரு பெரிய படம். வெள்ளைப் பளிங்குத் தரையில், ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு நடுவில், பாயும் அவரும் நிற்கிறார்கள். உட்காரவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கீழே ஒரே வரி.

"தம்பி, முட்டியும் வந்துருச்சு."

படத்தின் மூலம் அவர் ஃபோனில் இருக்கிறது. என்னிடம் இருப்பது நகல். இடத்தையும் நிறைய அடைக்கிறது. விதிப்படி உத்தரவே இல்லாமல் அழிக்கலாம்.

நிலையானது என்று குறித்து வைத்திருக்கிறேன்.